முகம் திருப்பும் பிள்ளை

சாயங்கால வெயில் ஜன்னல் வழியே தொட்டில் வரை நீண்டு கிடக்கிறது. தையல் ஆலையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தவள், கையைக் கழுவிக்கொண்டு, நான்கு மாதப் பிள்ளையைக் கணவன் மடியிலிருந்து வாரி எடுக்கிறாள். பால் பீச்ச ஆலையில் ஒதுக்கிடம் கிடையாது. பகலெல்லாம் கட்டிக்கொண்ட பாலில் மார்பு கல்லாய்க் கனக்கிறது. ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கூடாது என்று வைராக்கியமாக இருப்பவள் அவள். "வாடா செல்லம், அம்மா வந்துட்டேன்ல." பிள்ளை ஒருமுறை வாய் வைக்கிறான். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதுகை வில்லாய் வளைத்து அலறுகிறான். மறுபடி அணைக்கிறாள், மறுபடியும் திருப்பிக்கொள்கிறான். கணவன் தரையைப் பார்த்தபடி சொல்கிறான்: "காலையில நீ பீச்சி வச்சுட்டுப் போற பால் மத்தியானத்தோட தீந்துடுது. பசியில கத்துறான். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஒரு வாரமா புட்டியில பவுடர் பால்தான் குடுக்கறேன். உங்கிட்ட சொல்ல மனசு வரல." அவள் புட்டிக்காகக் கையை நீட்டுகிறாள். அவன் புட்டியைக் கொடுக்கிறான். ரப்பர் காம்பு உதட்டில் பட்டதும் அழுகை சட்டென்று அடங்குகிறது. பிள்ளை மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்கக் கேட்க, அவள் மார்பில் பால் தானாகவே சுரந்து, புடவையை நனைத்து மடியில் சொட்டுகிறது.