சாய்கோடு

மூன்றாவது லோரிக்குத்தான் சனியன் பிடித்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாமல் கேட் பாஸ் அச்சாகி வந்தது.

அடுத்த லோரிக்கும் அதே கதை. புஷ்பவல்லி இரண்டு பாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

போர்ட் கிள்ளானில் அடைக்கப்பனின் லோரி கம்பெனி அது. புது புரோகிராம் ஓட ஆரம்பித்து அரை மணிகூட ஆகவில்லை. எழுதியவள் அவள்தான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடியறையில் நடக்கும் சின்ன கம்ப்யூட்டர் கம்பெனி அவளைத் தனியாக அனுப்பியிருந்தது. எங்கெங்கோ ஏறி இறங்கிக் கடைசியில் கிடைத்த முதல் வேலை.

செய்ய வேண்டியது என்னவோ சின்ன விஷயம்தான். ஒரு திரையில் டிரைவரின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் இன்னொரு புரோகிராம் திறக்கும். திறக்கும்போதே அந்தப் பெயரைக் கையில் வாங்கிக்கொண்டு திறக்க வேண்டும். படிவத்தில் பெயர் தானாக வந்து உட்கார வேண்டும். பெயரில்லாத பாஸை நீட்டினால் துறைமுக வாசலில் காவல் நிற்கும் ஜாகா லோரியை உள்ளே விடமாட்டான்.

அஸ்மானுக்கு வந்தது. ஆ லெக்குக்கு வந்தது. ரெங்கசாமிக்கு வரவில்லை, பெரியகருப்பனுக்கு வரவில்லை. பின்னால் நின்ற ஹம்சாவுக்கு ஜம்மென்று வந்தது.

"அடடே, கம்ப்யூட்டருக்குக்கூட நம்மளைக் கண்டா ஆகலை லா!" என்றார் ரெங்கசாமி, ஜன்னலுக்கு வெளியே நின்றபடி.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மெஷினை அணைத்துப் போட்டாள். பிரிண்டர் ஒயரைப் பிடுங்கிச் சொருகினாள். தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள். எந்தச் சாமிக்கும் கம்ப்யூட்டர் தெரியவில்லை.

அடைக்கப்பன் வந்து நின்றார். "இந்தா பிள்ளை, மத்தியானத்தோட கப்பல்ல சாமான் ஏத்துறதை நிறுத்திருவான். அதுக்குள்ள சரியாகலேன்னா, உன் முதலாளியைக் கூப்பிட்டு இந்தப் பொண்ணே வேண்டாம்னு சொல்லிருவேன்."

சொன்னால் செய்கிற மனுஷன்.

கடைசியில் ரெங்கசாமியிடம் அடையாள அட்டையான ஐசியைக் கேட்டு வாங்கினாள். அதைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். ரெங்கசாமி ஏ/எல் சபாபதி.

விரல் அப்படியே நின்றுவிட்டது.

ஏ/எல். இன்னாரின் மகன். மகளென்றால் ஏ/பி. நம் ஆட்களின் பெயருக்கும் அப்பன் பெயருக்கும் நடுவே இந்த நாட்டில் போடுகிற சாய்கோடு. மலாய்க்காரர், சீனர் பெயரில் அது கிடையாது. புரோகிராமுக்கோ சாய்கோட்டுக்கு வேறு அர்த்தம். திறக்கும்போது சாய்கோட்டோடு எது வந்தாலும் அது கட்டளை. புரியாத கட்டளை வந்தால் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு வெறும் படிவத்தைத் திற. இப்படி எழுதி வைத்தவளும் அவளேதான்.

அடிப் பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இத்தனை நாளாக இது தன் கண்ணில் படாதது ஏனென்பதும் அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. அதை அங்கேயே விழுங்கிக்கொண்டு, நாலு வரியை வெட்டி எறிந்தாள்.

பாஸ் வந்தது. ரெங்கசாமி அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"வந்துட்டாரு பாரு எங்கப்பா!"

பெரியகருப்பனுக்கும் வந்தது. பின்னால் வந்தவர்களுக்கும் வந்தது. லோரிகள் உறும ஆரம்பித்தன. பிழைத்தோம் என்று நாற்காலியில் சாய்ந்தாள் புஷ்பவல்லி.

சாய்கோடுதான் கோளாறு என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும் அடைக்கப்பன் நகரவில்லை.

"டெஸ்ட் பண்ணேன், டெஸ்ட் பண்ணேன்னு சொன்னியே. யார் பேரைப் போட்டுப் பண்ணே?"

"டிரைவருங்க லிஸ்டை நேத்துதானே குடுத்தீங்க முதலாளி. அதுவரைக்கும் என் பேரைத்தான் போட்டுப் பார்த்தேன்."

அவர் முகம் கடுகடுவென்று ஆனது. "உன் பேரைப் போட்டிருந்தா அன்னைக்கே மாட்டியிருக்குமே! நீ என்ன மலாய்க்காரியா? டெஸ்டே பண்ணலே நீ. தப்பு பண்ணாக்கூட விட்டுருவேன், பொய் சொல்றவளை விடமாட்டேன்."

போனை எடுத்துச் சுழற்றத் தொடங்கிவிட்டார்.

யாரோ ஒரு சீனன் பேரைப் போட்டேன் என்று முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டாள். இனி எதை மாற்றிச் சொன்னாலும் இந்த மனுஷன் நம்பப்போவதில்லை. ரெங்கசாமி இன்னும் ஜன்னலில்தான் நின்றார். அவர் பின்னாலும் நாலைந்து பேர். ஐயோ, இவர்கள் எதிரிலா?

பிரிக்பீல்ட்ஸில் மணி அடிப்பது அவளுக்கே கேட்டது.

கைப்பையைத் திறந்தாள். தன் ஐசியை எடுத்து மேசைமேல் வைத்து, அவர் பக்கமாகத் தள்ளினாள்.

அடைக்கப்பன் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே கண்ணாடியை ஏற்றிவிட்டு அதை எடுத்தார். எதையும் சத்தம் போட்டுப் படிக்கிற பழக்கம் அவருக்கு.

"புஷ்பவல்லி..."

படித்துவிட்டு, அடுத்து வர வேண்டிய ஏ/பியையும் அப்பன் பெயரையும் தேடினார். அட்டையைத் திருப்பினார். மறுபடி முன்பக்கத்துக்கு வந்தார்.

போனில் யாரோ ஹலோ ஹலோ என்று கூப்பிட்டார்கள். அவர் ரிசீவரை வைத்தார். ஜன்னலில் ரெங்கசாமி தன் பாஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அட்டையில் அந்த ஒரு சொல்தான் இருந்தது.