சிவப்பில் எழுபது விநாடி

“திரும்புங்க சார். ஒருத்தரும் வரலை” என்றாள் பின் சீட்டிலிருந்த வரவேற்பு மேசைக்காரி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

கடிகாரக்காரர் திரும்பவில்லை. நிரம்பிய டம்ளரை மேசையில் வைக்கிற மாதிரி, சிவப்பு விளக்குக்கு முன்னால் காரை அலுங்காமல் நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துச் சிலையாக உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. அதுவும் தினசரி சங்கதிதான்.

அந்த முனையில் ஒரு சலுகை உண்டு. சிவப்பு எரிந்தாலும், முழுசாக நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, ஆளோ வண்டியோ இல்லையென்றால் ஓரமாகத் திரும்பிப் போய்விடலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கும் புரிகிற மாதிரி பெரிய பலகையே நட்டு வைத்திருக்கிறார்கள்.

ஊரே அப்படித்தான் திரும்பிப் போகிறது. இவர் ஒருத்தர்தான் எழுபது விநாடியும் காத்திருந்து, பச்சை விழுந்த பிறகு கிளம்புவார். குடியிருப்பில் இவருக்கு வைத்த பெயர் ஆமை. அவர் காதுபடச் சொன்னதில்லை, அவ்வளவு நாகரிகம் எல்லோருக்கும் இருந்தது.

கார் அவருடையது. கடிகாரம் பழுதுபார்க்கும் கடைக்குப் போகிற வழியில், அதே கட்டடத்தில் குடியிருக்கும் இன்சூரன்ஸ் ஏஜெண்டை முன் சீட்டிலும், பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் உட்காரும் இவளைப் பின் சீட்டிலும் ஏற்றிக்கொள்வார். அவருக்கு வயது நாற்பதைத் தொட்டாயிற்று, கல்யாணம் இல்லை. கேட்டால், “நேரம் வரலை” என்பார். கடை நிறையக் கடிகாரம் மாட்டி வைத்திருக்கிற மனுஷன் சொல்கிற பேச்சா அது?

அவள் கதை வேறு. வீட்டில் இருப்பது ஒரே நிலைக்கண்ணாடி, அதையும் காலையில் அண்ணியும் அண்ணன் மகளும் மாறி மாறிப் பட்டா போட்டுக்கொள்வார்கள். அதனால் இவளுடைய பவுடரும் மையும் காரில்தான். அரை மணி முன்னால் எழுந்திருக்கலாமே என்று இதுவரை யாரும் சொன்னதில்லை; சொல்லிவிட்டு அந்தக் கட்டடத்தில் குடியிருக்க முடியாது.

ஆனால் மை என்றால் அவள் மைதான். அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி இரண்டு கோடு. பல் பிடுங்க வந்தவர்கள் நாற்காலிக்குப் போவதற்கு முன்பே வாயைத் திறந்துவிடுவார்கள். கார்ல உட்கார்ந்துக்கிட்டு எப்படிடீ போடுறே என்று நர்ஸ்கள் கேட்டால், அதெல்லாம் கைவாகு என்பாள்.

சிக்கல் என்னவென்றால், இந்த மாதம் இரண்டு தடவை ஒன்பது மணியைத் தாண்டிப் போய்விட்டாள். மூன்றாவது தடவை நடந்தால் வரவேற்பு மேசை என் மைத்துனிக்கு, உனக்கு உள்ளே எக்ஸ்ரே அடுக்குகிற வேலை என்று, பல் ஆஸ்பத்திரி மேலாளர் பல்லைக் காட்டாமல் சொல்லியிருந்தார். ஜன்னல்கூட இல்லாத அறை அது. அங்கே இவள் மையை யார் பார்ப்பது, எலும்புக்கூடா?

இன்றைக்கு மணி எட்டு ஐம்பத்தாறு. காலையில் அவள் ஐந்து நிமிஷம் தாமதமாக இறங்கி வந்தது உண்மைதான். அதெல்லாம் கணக்கில் வராது. விளக்குக்குக் கீழே எண்கள் அறுபத்தொன்று, அறுபது என்று ஆடி அசைந்து இறங்கிக்கொண்டிருந்தன.

இன்சூரன்ஸ்காரர் பையிலிருந்து சாலை விதிப் புத்தகத்தை எடுத்தார். சிவப்பில் திரும்புவது பற்றிய பக்கத்தை, பாலிசி விற்கிற குரலில் நிறுத்தி நிதானமாக வாசித்தார். கடிகாரக்காரர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

“தெரியுமே” என்றார்.

தெரிந்துமா என்று புத்தகத்தை மூடிய இன்சூரன்ஸ்காரர், பின் சீட்டுப் பக்கம் திரும்பி, வத்தி வைக்கிற வேலையைச் சுத்தமாகச் செய்தார். போன புதன்கிழமை அவள் லீவாம். அன்றைக்கு இதே முனையில், இதே சிவப்பில், மனுஷர் நின்றார், பார்த்தார், வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி திரும்பிப் போய்விட்டாராம்.

அவளுக்குச் சுருக்கென்றது. அப்படியென்றால் இது பயமில்லை, வன்மம். இவர் பழுதுபார்த்துக் கொடுத்த கடிகாரம் பின்னால் ஓடுகிறது என்று போன வருஷம் மாடிப்படியில் நின்று எல்லோரும் கேட்கச் சொன்னாளே, அதை மனசில் வைத்துக்கொண்டுதான் மனுஷர் விநாடி விநாடியாகப் பழிவாங்குகிறார்.

எண் நாற்பதுக்கு வந்திருந்தது. பின்னால் நின்ற வேன்காரர் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவே இல்லை.

“நாளையிலேருந்து நான் பஸ்ல போய்க்கறேன் சார். இந்தக் கார்ப் பக்கமே வரமாட்டேன்” என்றாள். “அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுங்க. நான் வண்டியில இருக்கிற அன்னைக்கு மட்டும் ஏன் இப்படி நின்னுடறீங்க?”

இன்சூரன்ஸ்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பதில் இல்லாமல் சாயங்காலம் மாடிப்படியில் யாரிடமும் முகம் காட்ட முடியாது.

கடிகாரக்காரரின் காதுமடல் சிவந்தது. விளக்கின் சிவப்பு அவ்வளவு தூரம் எட்டாது. தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் அவளை ஒரு தடவை பார்த்தார். உடனே பார்வையைச் சாலைக்கு இறக்கிக்கொண்டார்.

“இடது கண்ணு இன்னும் பாக்கி இருக்கே.”