இடப்பக்கத்துக் காய்கள்

“சார், உங்க பிள்ள ஒருத்தி எங்க அப்பாகிட்ட திருடுதா.”

மேலாளர் நேசக்குமார் வாயில் வைத்த டீயை விழுங்காமல் நிமிர்ந்தார். தூத்துக்குடியில் அவருடைய பக்கவாத மறுவாழ்வு மையத்துக்குத் தரச்சான்றிதழ் கொடுக்க அடுத்த வாரம் ஆள் வருகிறது. இந்த நேரம் பார்த்துத் திருட்டுப் புகாரா?

“யாரும்மா? என்னத்தத் திருடினா?”

“அந்த ஜெபசுதா. கேரம் போர்டுல காய் திருடுதா.”

டீ உள்ளே இறங்கியது.

வந்தவள் விஜிலா. அவள் அப்பா விக்டர் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டிய தண்டல். கடலில் அவர் சொன்னதுதான் சட்டம். இப்போது இடது கை, காலில் வாதம் வந்து இங்கே இருக்கிறார். ஜெபசுதா நாசரேத்துப் பெண். விளையாட்டை வைத்தே சிகிச்சை கொடுக்கப் படித்தவள்.

“காய்தானேன்னு நினைக்காதீங்க சார். தோத்தா, நாலு மணி டீயோட இங்க குடுக்க முந்திரி மக்ரூன அவகிட்ட குடுத்திரணுமாம். மூணு வாரமா எங்கப்பா வாயில மக்ரூன் படல. அவ எதுக்க உக்காந்து தின்னுதா. ஜெயிச்ச காயை இடது பக்கம்தான் அடுக்கணும்னு சட்டம் வேற. சுருட்டுததுக்குத் தோதா இருக்கும்லா?”

“வேற ஏதும் குறை உண்டா?” மரியாதைக்குக் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

“இல்லாமயா? பாதிச் சோறு தட்டுல அப்படியே கெடக்கு. வாதம் வந்து வீட்டுல கெடந்தப்பவும் என் மீன்குழம்பை இப்படித்தான் பாதியில ஒதுக்குனாரு. அது என் கைப்பக்குவம்னே வைங்க, நானும் அழுது முடிச்சிட்டேன். ஆனா சவரம்? பாதி மூஞ்சிக்குத்தான் பண்ணியிருக்காரு. கவனிக்க ஒரு நாதி இல்ல. நான் இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்.”

நேசக்குமார் ஜெபசுதாவை வரச்சொன்னார். அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவர் முழுக்க நெறிமுறைகள், கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கின. மாட்டியது அவர்தான். வாசிக்கத்தான் நேரமில்லை.

ஜெபசுதா விரலில் கேரம் பவுடரோடு வந்தாள்.

“விக்டர் ஐயா காயை எடுத்தியா?”

“ஆமா சார்.”

கொஞ்சமாவது மழுப்புவாள் என்று பார்த்தார். “மக்ரூனு?”

“அதுவும்தான் சார். நல்லா இருந்துச்சு.”

“கேட்டீங்களா சார் பேச்சை?” என்றாள் விஜிலா.

“முடியாதவரை ஏமாத்தி விளையாடுததா சிகிச்சை? நம்ம நெறிமுறை என்ன, நீ பண்ணுதது என்ன? நாளையில இருந்து நீ வர வேண்டாம்மா.”

ஜெபசுதா காதில் இது விழுந்த மாதிரியே தெரியவில்லை. விஜிலாவின் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, நான் திருடுதேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

“யாரு சொல்லுவா, அப்பாதான். நீ கை வச்சதைக் கண்ணால பார்த்தாராம்.”

“எப்ப சொன்னாங்க?”

“இன்னைக்குத்தான். இப்ப வெளையாடும்போது பார்த்தாராம்.”

“அதுக்கு முன்னால?”

“நேத்து வரைக்கும் உன்னை நல்ல பிள்ளன்னுதான் சொல்லிட்டு இருந்தாரு. நாங்களும் நம்புனோம்.”

ஜெபசுதா மேலாளர் முன்னால் கேட்காமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

“அப்ப பார்த்துட்டாங்க சார். மூணு வாரமா தினம் எடுக்கேன். இன்னைக்குத்தான் பார்த்திருக்காங்க.”

ரெண்டு பேரும் விழித்தார்கள்.

“வாதம் வந்ததுல இடது பக்கம்னு ஒண்ணு இருக்கதையே அவங்க மூளை விட்டுருச்சுக்கா. கண்ணுல கோளாறு இல்ல. அந்தப் பக்கம் திரும்பணும்னே தோணாது. சவரம் பண்ணுனா வலது கன்னம் மட்டும் பண்ணுவாங்க. திரும்பிப் பாருங்கன்னு சொன்னா, எனக்கு என்ன கோளாறுன்னு சண்டைக்கு வருவாங்க. அதான் காயை அந்தப் பக்கம் வச்சேன். காயும் போகுது, மக்ரூனும் போகுதுன்னா காவலுக்காவது திரும்புவாங்கல்லா.”

விஜிலாவுக்கு இப்போதுதான் நினைவு வந்தது. டாக்டர்கூட இடது பக்கம் என்று ஏதோ சொன்னார்தான். கண்ணுதான் நல்லாத் தெரியுதே என்று இவர்கள் விட்டுவிட்டார்கள்.

“அப்ப என் மீன்குழம்பு?”

“தட்டுல இடது பாதி அவங்களுக்குத் தெரியவே இல்லக்கா. குழம்பு என்ன பாவம் பண்ணுச்சு?”

நேசக்குமார் மெல்லத் திரும்பித் தன் சுவரை முதல்முறையாக வாசித்தார். ‘ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஓர் இலக்கு வேண்டும்.’ அதற்குக் கீழே, ‘நோயாளியின் சம்மதம் வேண்டும்.’

“சம்மதம்?” என்றார், விட்ட மரியாதையைப் பிடிக்கிற ஆசையில்.

“அசந்தா காயைத் திருடுவேன்னு சொன்னேன், அவங்கதான் சார் சவால் விட்டாங்க. ‘தண்டல்கிட்டயேவா? முடிஞ்சா என் காயில கை வச்சுப் பாருளா’ன்னு. நோயாளியே சம்மதிச்சிட்டாங்கன்னு உங்ககிட்ட வந்து சொன்னேன். ‘நெறிமுறைப்படி பண்ணு’ன்னுட்டு போன்ல பேசிக்கிட்டே போயிட்டீங்க.”

நேசக்குமார் மறுபடியும் டீயை எடுத்தார். அது ஆறிப் போயிருந்தது.

விஜிலா எழுந்து கூடத்துக்குப் போனாள். விக்டர் கேரம் போர்டு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். மகள் சத்தமில்லாமல் அவருக்கு இடப்பக்கமாகப் போய் நின்று, அடுக்கி வைத்த காய்கள்மேல் மெல்லக் கையை நீட்டினாள்.

விக்டரின் தலை மெதுவாக இடப்பக்கம் திரும்பியது.

“ஏளா, நீயுமா? எடு கையை.”

விஜிலா கையை எடுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்ற ஜெபசுதாவைப் பார்த்தாள்.

“நாளைக்கும் வந்து திருடும்மா. மக்ரூன் நான் வாங்கிட்டு வாரேன்.”