நிதானமாகப் பாருங்க சார்

மாலையில் அக்காவுக்குக் கல்யாணம். அதற்குப் போக விமான நிலையம் வந்த கம்ப்யூட்டர் கடை டெக்னீஷியன் ஒரு மணி நேரமாகத் தவித்துக்கொண்டிருந்தார். விமானம் ஏன் கிளம்பவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அப்போது ஒரு வாடிக்கையாளர் போனில் வந்தார்.

"தம்பி, வீட்டுல கம்ப்யூட்டர்ல பிளேன் ஓட்டுற கேம் ஆடுறேன். உங்ககிட்ட வாங்குன சுவிட்ச் பேனல் கனெக்ட் ஆகவே மாட்டேங்குது."

"கேபிளை வேற போர்ட்ல மாட்டுங்க சார்."

"மாட்டிப் பாத்தாச்சு. ம்ஹூம்."

"பேனலை மாட்டியிருக்கிற யூஎஸ்பி ஹப்புக்குத் தனியா பவர் குடுத்தீங்களா?"

"அந்த அடாப்டரை எங்க வச்சேன்னு தெரியலையே."

"நிதானமா தேடுங்க சார். வேலைக்கு நேரமாகலையே?"

"நான் போகாம வண்டி கிளம்பாது தம்பி."

டெக்னீஷியன் சிரித்துவிட்டார். அரை மணியில் பேனல் விளக்கு எரிந்தது.

"பொழைச்சேன். இனி நிம்மதியா டூட்டிக்குப் போவேன்."

போனை வைத்ததும் கவுன்ட்டர் பெண் மைக்கை எடுத்தாள்.

"பயணிகள் மன்னிக்கவும். கேப்டன் இப்போதுதான் வீட்டிலிருந்து கிளம்புகிறார்."