பழையபடி

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு பிரபுவின் இருநூற்றைம்பது வருடத் தோட்டத்தைப் புதுப்பித்து, மறுநாள் பொதுமக்களுக்குத் திறக்கவிருந்தார்கள். குளக்கரைக் கோபுரத்தில் மூன்று மாதம் வேலை பார்த்த கொத்தனார் ஆல்வின், அதை மூடியிருந்த தார்ப்பாயை அவிழ்த்து, நிர்வாகி பிலிப்பாவிடம் பெருமையாகக் காட்டினார்.

"பாருங்க மேடம். ஒரு விரிசல் கிடையாது. கூரையும் புதுசு."

பிலிப்பா புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு உங்களை இப்படிக் கட்டச் சொன்னது?"

"நீங்கதான்! 'பழையபடி ஆக்கிடுங்க'ன்னீங்களே?"

"பழையபடின்னா, பாதி இடிஞ்சபடி! பிரபு இதைக் கட்டும்போதே இடிஞ்ச கோபுரமாத்தான் கட்டினார். டீ குடிச்சுக்கிட்டே இடிபாட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடறதுதான் அந்தக் காலத்து ஃபேஷன்!"

ஆல்வின் சம்மட்டியை எடுத்தார்.

"எவ்வளவு இடிக்கணும்?"

பிலிப்பா பழைய ஓவியத்தை விரித்தாள். "இதுல இருக்கற மாதிரியே. பார்த்து! ஒரு கல்லுகூட அதிகமா விழக் கூடாது."

மறுநாள் முதல் ஆளாக உள்ளே வந்த பெரியவர், கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு மனைவியிடம் சொன்னார்:

"தோட்டம் பிரமாதம். இதை மட்டும் அப்படியே விட்டுட்டாங்க பாரு. கொத்தனாருக்கு உடம்பு வணங்கலை போல!"

பக்கத்தில் நின்ற ஆல்வின், இடிந்த கோபுரத்தைப் பார்த்து நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.