விடக்கூடாத இடம்

ஏகநாதன் கடைக்குள் தலையை நீட்டிய அன்றைக்கு, நல்லவேளை, குழம்புச் சட்டி காலி.

"தீந்துபோச்சு சார்" என்றாள் கிளியம்மாள்.

மனுஷன் விடவில்லை. கண்ணை மூடி, வெறும் சட்டியின் வாசனையை மூக்கால் இழுத்து, சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டில் என்னவோ குறித்துக்கொண்டார். அப்புறம்தான் தன் பெயரைச் சொன்னார். கேட்டதும் கிளியம்மாள் வெறும் சட்டியை மூடிப் பின்னால் தள்ளி வைத்தாள்.

பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரைக்கும் சொந்த வீட்டுக்காரர்கள் வாசலில் இலவசமாக வந்து விழுமே ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர், அதில் 'நாக்கு நாலு முழம்' எழுதுகிறவர் அவர்தான். ரிட்டையர்டு ரயில்வே கிளார்க். சந்துபொந்தெல்லாம் ஸ்கூட்டரில் சுற்றி, போர்டுகூட இல்லாத கடைகளைத் தேடிப் பிடித்துச் சாப்பிட்டுவிட்டு எழுதுவார்.

"வியாழக்கிழமை மத்தியானம் வரேம்மா. உங்களைப் பத்தி எழுதாம விடறதா இல்லை." சொல்லிவிட்டுச் சிரித்தார் வேறு.

அவர் பேனா பட்ட கதை பம்மலில் யாருக்குத் தெரியாது? இதே வரிசையில் நாலு கதவு தள்ளி இட்லிக் கடை வைத்திருந்த பொன்னியம்மாளைப் பற்றி வைகாசியில் எழுதினார். ஆடி பிறப்பதற்குள் அவள் அடுப்பு அணைந்தது. இப்போது குன்றத்தூர் மலையடிவாரத்தில் தேங்காய் பழத் தட்டு விற்கிறாள். திருநீர்மலை ரோட்டில் பரோட்டா போட்ட அப்பாதுரைக்கும் அதே கதி. ஏகநாதன் சாப்பிட்டுக் கையலம்பிய கடை ரெண்டு மாசம் தாங்கினதில்லை.

கிளியம்மாளுக்கு இருப்பது இந்த ஒரு கடை. குப்புராஜுக்குச் சொந்தமான வரிசைக் கட்டடத்தில் வாடகைக்கு ஒற்றை அறை, நாலு பெஞ்சு. தோல் கம்பெனி ஆட்களும் பஸ் கண்டக்டர்களும் மத்தியானம் வந்து உட்கார்ந்தால், கோவளத்துக் கைப்பக்குவத்தில் அவள் வைக்கும் சங்கரா மீன் குழம்பை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். புருஷன் போன பிறகு பதினொரு வருஷமாக அவளை நிமிர்ந்து நடக்க வைத்தது அந்தக் குழம்புதான். அதை ஒரு பேனாவுக்குப் பறிகொடுக்க அவள் தயாராக இல்லை.

புதன்கிழமை தம்பி லோகுவை நாட்டு மருந்துக் கடைக்கு அனுப்பினாள். ஆட்டோ ஓட்டுகிற முரட்டு ஆள்தான் அவன். ஆனாலும் பொட்டலத்தை நீட்டும்போது அவனுக்கே மனசு ஒப்பவில்லை.

"நல்லா ரோசனை பண்ணிக்கினியாக்கா? ஒரு சிட்டிகைக்கு மேல ஆருக்கும் குடுக்காதேன்னாரு கடைக்காரரு."

"ஒரு வாய் உள்ள போனா போதும்டா. அப்பால அந்த ஆளு இந்தப் பக்கமே வரமாட்டாரு."

வியாழக்கிழமை அவருக்கென்று தனியாக ஒரு சின்னச் சட்டி. பொட்டலம் முழுவதையும் கொட்டிக் கலக்கும்போது கிளியம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. உப்பு ஒரு கல் கூடினால்கூட அன்றைக்கெல்லாம் மனசு கேட்காது அவளுக்கு. கெங்கையம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சட்டியை இறக்கி வைத்தாள்.

சொன்னபடி பன்னிரண்டரைக்கு வந்து உட்கார்ந்தார். இலை போட்டு, சோறு வைத்து, சின்னச் சட்டியிலிருந்து ஊற்றினாள். முதல் கவளம் உள்ளே போயிற்று. முகம் கோணியது. கண்ணில் நீர் கட்டியது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு நாலு டம்ளர் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா சார்?" என்றாள் கிளியம்மாள், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

அவர் இலையை மூடினார். சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போனவர், மூன்று தடவை உதைத்தும் ஸ்கூட்டரைக் கிளப்ப முடியாமல் தள்ளிக்கொண்டு போனார். லோகு அக்காவைப் பார்த்தான். அக்கா சின்னச் சட்டியைச் சாம்பல் போட்டுப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளி, சனி ரெண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பேப்பரில் என்ன வரப்போகிறதோ என்ற ஒரே நினைப்புதான். ஞாயிற்றுக்கிழமை எங்கிருந்தோ ஒன்றை வாங்கி வந்து லோகு விரித்தான்.

"வந்துகீதுக்கா."

லோகு எழுத்துக் கூட்டிப் படித்தான். 'பம்மலில் ஒரு கசப்பான அனுபவம்' என்று தலைப்பு. மீன் குழம்பு என்ற பெயரில் நிலவேம்புக் கஷாயத்தை ஊற்றுகிறார்கள், இன்னும் நாக்கில் கசப்பு போகவில்லை, அந்த இடத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள் என்று கிழிகிழியென்று கிழித்திருந்தார் ஏகநாதன்.

கிளியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

சற்று நேரத்தில் அதே பேப்பரைச் சுருட்டிப் பிடித்தபடி குப்புராஜ் வந்து நின்றார். ஆளுக்கு முகமே தொங்கிப்போயிருந்தது.

"இன்னாம்மா இப்டி எழுதிக்கீறாரு? நான் வேற இன்னாமோ நெனச்சுக்கினு இருந்தேன். சரி வுடு, நீயே இருந்துக்கோ."

அவர் தலை மறைந்ததும் கிளியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கெங்கையம்மனுக்குச் சூடம் ஏற்றினாள். பிறகு பெரிய சட்டியை அடுப்பில் வைத்தாள். அவள் கடைக்கு வருகிற ஆட்களில் அந்தப் பேப்பரைப் படிக்கிறவர் ஒருத்தர்கூடக் கிடையாது.

நாலு கதவு தள்ளி, பொன்னியம்மாள் இட்லி அவித்த அறையில் இப்போது தொங்குவது 'குப்புராஜ் டிபன் சென்டர்' போர்டு. கல்லாவுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள், வைகாசி மாதத்து 'நாக்கு நாலு முழம்'. 'இட்லியா அது, அமுதம்! வாசகர்களே, இந்த இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்' என்று ஏகநாதன் உருகியிருந்தார்.

வாசகர்களில் முதல் ஆளாக அந்தப் பேச்சைக் கேட்டு நடந்தவர், இடத்தின் சொந்தக்காரர்தான்.