பூட்டிக் கிடந்த வீடு

"ஏற்காட்டுல நம்ம ஃபிளாட் சும்மாதான் பூட்டிக் கிடக்கு, நாலு நாள் இருந்துட்டு வாங்க" என்று பழனிவேலுக்கு அவன் மேனேஜர் சம்பத் சாவி கொடுத்திருந்தார். அவர்கள் வந்து சேர்ந்த மறுநாள் காலையில் அழைப்புமணி அடித்தது. ஜெயசுதா கதவைத் திறந்தாள். குரங்குக் குல்லா போட்ட ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"தொந்தரவு பண்றேன்மா. ஃப்ரிட்ஜ்ல என் இன்சுலின் இருக்கு, கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா?"

"நீங்க யாருங்க?"

"சம்பத்தோட அப்பா. இங்கதான் இருக்கேன். நீங்க வர்றீங்கன்னு வாட்ச்மேன் ரூமுக்குப் போகச் சொன்னான்."

சோபாவில் சாய்ந்திருந்த அவள் கணவன் பழனிவேல் சட்டென்று எழுந்தான்.

"ஐயோ, நாங்க இப்பவே கிளம்பிடறோம்" என்றாள் ஜெயசுதா.

பெரியவர் பதறினார். "வேணாம்மா. நான்தான் உங்களை அனுப்பிட்டேன்னு கோபப்படுவான்."

அவள் கணவனைப் பார்த்தாள். "அவர் சொல்றதும் சரிதானே" என்று தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தான் பழனிவேல்.

ஜெயசுதா முகம் எரிய, இன்சுலினை எடுத்துவந்து கொடுத்தாள். "உள்ள வாங்க, ஒரு வாய் காபியாவது குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

அவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். கூடத்தின் நடுவில் நின்று, "நான் எங்க உட்காரட்டும்மா?" என்று கேட்டார்.